அடித்தகட்டின் உள்பக்கம்

படகுத்துறைப் பக்கம் அவளை எல்லோரும் சுரண்டி என்றுதான் சொல்வார்கள். ஒரு தையல்காரர் தன் கடை ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஷட்டர் காலையில் இருந்ததைவிட அசிங்கமாக இருந்தது. பழைய பெயின்ட் பாதி உரிந்து கிடந்தது. வாசலெல்லாம் செதில். நாளைக்கு முடித்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனார். மறுநாளும் அவள் கையில் பிரஷ் இல்லை, தகரம் சுரண்டும் பட்டைக்கத்திதான் இருந்தது. அவர் நொந்துபோய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், இது பெயின்டர் இல்லை, சுரண்டி என்று. அந்த ஷட்டரில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை. அதைத் தையல்காரர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இரும்பு வேலை மட்டும்தான் செய்வாள். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த்தொட்டி, எப்போதாவது ஒரு மீன்பிடி படகு. பெயின்ட்டுக்குத் துருவைக் கொல்கிற சக்தி எதுவும் கிடையாது என்பாள். இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் அது ஒரு ஆள் மாதிரி நிற்கிறது, அவ்வளவுதான். அது நன்றாக நிற்க வேண்டுமென்றால் காலடி சுத்தமாக இருக்க வேண்டும். அடியில் கொஞ்சம் ஈரமோ உப்போ எண்ணெய்ப் பிசுக்கோ மாட்டிக்கொண்டால், மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு கரைய ஆரம்பித்துவிடும். வெறும் இரும்பென்றால் துரு கண்ணுக்காவது தெரியும், மூடி வைத்த துரு அதுவும் தெரியாது. சாப்பிடும்போதுகூட இதைத்தான் பேசுவாள். "உப்பைக் கழுவு, எண்ணெயைத் துடை, காய விடு" என்று அவள் குரலிலேயே அவள் கணவன் சொல்லிக் காட்டுவான். இருவரும் சிரிப்பார்கள்.

கணவன் படகுத்துறையில் இன்ஜின்காரன். ஆறு கடலில் சேரும் இடத்தில், இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் பெரிய இரும்புப் படகு ஒன்று உண்டு. சாலை வழியாகப் போனால் வெகுதூரம் சுற்ற வேண்டும். அதனால் கடைக்காரர்கள், வாத்தியார்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அந்தப் படகுதான். படகு அவனுடைய அண்ணனுக்குச் சொந்தம். வீடும் ஒன்றுதான். மாடியில் அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகன் குடும்பமும், கீழே இவர்கள் இருவரும். மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரைமேல் இழுத்து நிறுத்தி அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அதை ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் செய்து வந்தார்கள். இழுத்து நிறுத்திய ஈரம் காய்வதற்குள் அடித்து முடித்து, படகு திரும்பத் தண்ணீரில் இறங்கிவிடும். மூத்தவரான அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும். படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஜனங்கள் அவரைத்தான் திட்டுவார்கள்.

அந்த வருஷம் கான்ட்ராக்டருக்கு வேறு இடத்தில் பெரிய வேலை வந்துவிட்டது. மூத்தவர் கீழே இறங்கி வந்து, வாசலில் நின்றபடியே, நீ செய்து கொடும்மா என்று அவளைக் கேட்டார். அவளுக்கு உள்ளூர ஆசைதான். அந்தப் படகின் அடிப்பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை நமநமக்கும். ஆனாலும் சொந்தத்துக்குள் வேலை என்றால் கறாராகப் பேச முடியாதே என்று யோசித்தாள். கணவனைக் கேட்டாள். வேண்டாம், முடியாதென்று சொல்லிவிடு என்றான் அவன். ஏன் என்று கேட்டதற்கு, அண்ணன் அவசரக்காரர், உனக்கும் அவருக்கும் ஒத்துவராது என்றான். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வேண்டாமென்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி என்று மாடிக்குச் சொல்லி அனுப்பினாள்.

படகை இழுத்து நிறுத்தியதும் நல்ல தண்ணீர் விட்டு உப்பு போகக் கழுவினாள். பிறகு சுரண்ட ஆரம்பித்தாள். பெயின்ட் பட்டை பட்டையாக வந்தது. ஒரு துண்டை எடுத்து விளிம்பைப் பார்த்தால் நீலம், கறுப்பு, நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு வருஷத்து அடுக்கும் தெரிந்தது. முன்பக்கத்தில் இரும்பு பரவாயில்லை. அங்கங்கே துரு, அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பின்பக்கம் இன்ஜின் அறைக்குக் கீழே வந்தபோது பெயின்ட் ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தது. சுத்தியலால் தட்டினாள். மற்ற இடங்களில் கணீரென்று வந்த சத்தம் அங்கே செத்திருந்தது. கத்தியை ஓரமாக வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கத்தி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

அவள் அப்படியே நின்றாள். கத்தியை உருவியதும் உள்ளேயிருந்து கறுப்பாகத் தண்ணீர் பீச்சியடித்து அவள் கையில் வழிந்தது. எண்ணெய் நாற்றம் அடித்தது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

மூத்தவர் வந்து பார்த்தார். குனிந்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, நான் பெயின்ட் அடிக்கச் சொன்னேனா, ஓட்டை போடச் சொன்னேனா என்று கேட்டார். அவள், ஓட்டை ஏற்கெனவே இருந்தது அத்தான், பெயின்ட்தான் அடைத்துக்கொண்டிருந்தது என்றாள். அது அவர் காதில் ஏறவில்லை. நேற்றுவரை ஓடிய படகு இன்றைக்கு ஓட்டையாகிவிட்டது, நடுவில் கத்தி வைத்தது நீ ஒருத்திதான் என்றார். அவரைப் பொறுத்தவரை கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

படகு நின்றதும் ஊருக்குச் சிரமம். பஸ்ஸில் சுற்றிப் போகிறவர்கள் எல்லோரும் அவள் தலையை உருட்டினார்கள். சுரண்டி கடைசியில் படகையே சுரண்டிவிட்டாள் என்று தையல்காரர் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. வீட்டில் ஓரகத்தி மாடிப்படியில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வது போல, "இத்தனை வருஷமா அடிச்சவங்க யாரும் ஓட்டை போடலியே" என்றாள். இருவரும் அக்கா தங்கை மாதிரி இருந்தவர்கள். அன்றிலிருந்து ஓரகத்தி கீழே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

கணவன் இதில் எதற்குமே வாய் திறக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்தான். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான் என்று அவள் நினைத்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்ற கோபமும் வந்தது.

வெல்டர் வந்தார். ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், நல்ல இரும்பின் சத்தம் கேட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு கதவளவுக்குத் தகட்டை வெட்டி எடுத்து மண்ணில் போட்டுப் புரட்டினார்கள். வெளிப்பக்கம் மழமழவென்று இருந்தது. உள்பக்கம் கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது.

அந்த அரிப்பின் மேல் பச்சைப் பெயின்ட் ஒரு தோல் போலக் கிடந்தது. வெல்டர் ஸ்குரூடிரைவரால் நெம்பியதும் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த சேறு. உள்ளே யாரோ எண்ணெய் ஈரத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள், அது பையில் தண்ணீர் கட்டி வைத்தது மாதிரி ஆகிவிட்டது, அடிக்காமலே விட்டிருந்தால்கூட இவ்வளவு போயிருக்காது என்றார் அவர்.

மூத்தவர் முகம் மாறியது. அந்த கான்ட்ராக்டர் பயல் வேலை என்று பல்லைக் கடித்தார். அவன் கதையை முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவள் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்குத் தெரிந்த பச்சை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அவள் தன் கையால் கலந்தது. மிச்சத்தைக் கணவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். படகுக்கு உள்ளே அடிக்கணும் என்று வருஷா வருஷம் மீந்ததை வாங்கிப் போவான். உள்பக்கம் இன்ஜின்காரன் பொறுப்பு, பெயின்ட் என்றாலே கான்ட்ராக்டர்தான் என்று இருந்த மூத்தவர் அதைக் கவனித்ததே இல்லை. அவள் தலையைத் தூக்கினாள். அவன் இன்ஜின் அறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஈரத்து மேலயா அடிச்சீங்க?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். உட்காரும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றினான். அதை அவள் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வயதாகிறது என்று விட்டுவிட்டாள். அவன் மெதுவாகச் சொன்னான். சில வருஷங்களுக்கு முன்னால் இன்ஜின் மேலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு மூட்டில் ஏதோ ஆகிவிட்டது. குனிய முடியவில்லை, காலை மடக்க முடியவில்லை. இன்ஜினுக்கு அடியில் நுழைந்து தண்ணீரை இறைத்து, துடைத்து, சுரண்ட அவனால் ஆகவில்லை. பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, எட்டின வரைக்கும் பூசிவிட்டு வருவான். அண்ணனிடம் சொன்னால் வேறு ஆள் போட்டுவிடுவார். அந்த இன்ஜினைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

"சரி, அவருக்குத்தான் சொல்லல. எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்கு எப்படிச் சொல்லுவேன்? மத்தவங்களா இருந்தா சொல்லியிருப்பேன். நீ இதை எத்தனை தடவ சொல்லியிருப்ப."

அவளுக்குக் கோபம் வந்தது. துருவைவிட அவன் வலி தன் கண்ணில் பட்டும் புரியாமல் போனதுதான் அவளுக்கு உறுத்தியது. அந்த உறுத்தலும் சேர்ந்து கோபமாகவே வெளியே வந்தது. மாடிக்குப் போய் அண்ணனிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். கொஞ்ச நாள் போகட்டும், வெல்டிங் முடியட்டும் என்று அவன் கெஞ்சினான்.

அதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. மூத்தவர் கான்ட்ராக்டரைப் படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார். நாங்கள் வெளிப்பக்கம் மட்டும்தான் அடிப்போம், உள்ளே காலே வைத்ததில்லை என்று அந்த மனிதர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவருக்குப் பேசி வைத்திருந்த இரண்டு படகு வேலைகள் கைவிட்டுப் போயின. அவரிடம் வேலை பார்த்த பெண்கள் இருவர் அவள் வீட்டு வாசலுக்கே வந்து, உனக்கு இந்த வேலை விவரம் தெரியுமே, நீயாவது சொல்லக்கூடாதா என்று கேட்டார்கள். உள்ளே கணவன் உட்கார்ந்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

அவர்கள் போனதும் அவன் எழுந்து மாடிப்படியில் ஏற ஆரம்பித்தான். மாடிக்கு அவன் போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. ஏதாவது பேச வேண்டுமென்றால் அண்ணனைக் கீழே கூப்பிடுவான், இல்லாவிட்டால் படகில் பேசிக்கொள்வான். அதற்குக் காரணம் என்னவென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினான். அவள் பின்னாலேயே போனாள். தாங்கிப் பிடிக்கவில்லை.

மூத்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விழுந்தது, படுத்துக்கொண்டு அடித்தது, பச்சை டப்பா, எல்லாம். எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது அண்ணே, கத்தி உள்ளே போகாமல் இருந்திருந்தால் நான் இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன் என்றான்.

மூத்தவர் திட்டுவார் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த அறையில் அவருடைய பேத்தி பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"இந்தக் குழந்தை தினமும் அந்தப் படகுலதான்டா ஸ்கூலுக்குப் போறா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஏத்தி விடுறது யாரு, நீதானே."

மூத்தவர் கையை நீட்டினார். இன்ஜின் அறைச் சாவி தம்பியின் இடுப்பில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அவன் கீழே இறங்கினான். ஓரகத்தி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

வெல்டிங் முடிந்ததும் உள்பக்கத்தை நான்தான் அடிப்பேன் என்று அவள் சொல்லி அனுப்பினாள். எத்தனை நாளானாலும் அடிக்கட்டும் என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

அது படகின் வயிறு மாதிரி ஒரு இடம். நிமிர்ந்து உட்கார முடியாது. சோப்புத் தண்ணீர் விட்டு எண்ணெயைக் கரைத்து, துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, பெரிய ஃபேனை மேலே ஆள் இறங்கும் துவாரத்தின் ஓரம் வைத்துக் காயவிட்டாள். பிறகு மல்லாந்தும் குப்புறவும் படுத்துக்கொண்டு இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினாள். விளிம்புகளில் பெயின்ட் தங்காமல் விலகிப் போகும், அதனால் மூலைக்கும் வெல்டிங் தழும்புக்கும் முதலில் பிரஷால் தனியாக ஒரு பூச்சு. அப்புறம் மொத்தத்துக்கும் சிவப்பு பிரைமர், அதன்மேல் சாம்பல், அதன்மேல் வெள்ளை. ஒவ்வொரு பூச்சும் வேறு நிறமாக இருந்தால்தான் விட்டுப்போன இடம் கண்ணில் படும்.

சுரண்டும்போது தூசி, அடிக்கும்போது தின்னர் வாடை. மூடிய இடத்தில் அந்த வாடை ஆளையே சாய்த்துவிடும். முகமூடி போட்டிருந்தாள், ஃபேனும் ஓடியது. இருந்தாலும் கணவன் வந்து படகுக்கு வெளியே, அவள் படுத்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். மூத்தவர் படகில் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார், பக்கத்தில் உட்காரக்கூடாது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கரண்டிக் காம்பால் தகட்டில் தட்டுவான். அவள் உள்ளேயிருந்து கத்திப் பிடியால் திருப்பித் தட்டுவாள். அவர்களுக்குள் அந்த நாட்களில் பேச்சு அவ்வளவுதான் இருந்தது. வீட்டில் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சாம்பல் பூச்சு அடிக்கும் அன்று ஒரு தடவை அவன் தட்டினான். அவள் தட்டவில்லை. தட்டும்போதெல்லாம் பதில் சொல்ல நான் என்ன கடிகாரமா என்று ஒரு வீம்பு. அவன் மறுபடி தட்டினான். பிறகு வேகமாகத் தட்டினான். அப்புறம் சத்தமே இல்லை. இவள் பிரஷை நனைத்து அடுத்த மூலைக்குப் போனாள்.

திடீரென்று வெளிச்சம் மறைந்தது. திரும்பிப் பார்த்தால் மேலே துவாரத்தில் அவன் முகம். ஏணியில் ஏறி வந்திருக்கிறான். வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினானே தவிர, அவள் பெயரைச் சொல்லக்கூட வரவில்லை. கால் ஒன்றை உள்ளே விட முயன்று, அது மடங்காமல், கையால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"இருக்கேன்" என்றாள் அவள். "நல்லாத்தான் இருக்கேன். இறங்குங்க."

அவன் இறங்கவில்லை. அங்கேயே துவாரத்தின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் பிரஷை டப்பாமேல் வைத்துவிட்டு முட்டி போட்டு நகர்ந்து வந்து, பெயின்ட் கையாலேயே அவன் காலைப் பிடித்து வெளியே எடுத்து வைத்தாள்.

"இனிமே தட்டினா தட்டுறேன்" என்றாள். "நீங்க இப்படி ஏறி வராதீங்க."

படகு திரும்ப ஓட ஆரம்பித்தது. வேறு ஒரு இன்ஜின்காரர் வந்துவிட்டார். கணவனை அவளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், சீக்கிரமே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்தும் அவன் பழையபடி நடக்கவில்லை. ஒரு கைத்தடி எப்போதும் வேண்டியிருக்கிறது.

கான்ட்ராக்டரிடம் மூத்தவர் போகவில்லை, தம்பியை அனுப்பினார். அவன் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். உங்கள் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார், நீங்கள் என் வீட்டுக்குள் வந்து சொல்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவன் படகுத்துறைக்குப் போய், அங்கே நின்ற எல்லோரிடமும் தானே சொன்னான். போன வேலைகளில் ஒன்றுதான் கான்ட்ராக்டருக்குத் திரும்பக் கிடைத்தது.

ஓரகத்தி ஒருநாள் ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பழையபடி பேசினார்கள், ஆனால் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். படகின் உள்பக்கத்தை வருஷம் இரண்டு தடவை அவள்தான் பார்க்கிறாள். இவ்வளவு நாள் வேண்டும் என்று அவள் சொன்னால் மூத்தவர் மறுப்பதில்லை.

கணவன் இப்போது வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் தண்ணீர் மோட்டாரும் சின்ன இன்ஜினும் ரிப்பேர் செய்கிறான். அண்ணன் தினமும் அந்த வழியாகத்தான் மாடிக்குப் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் போவார். போன மழைக்காலத்தில் ஒருநாள் படியில் கால் வைத்தவர் நின்றார். படகு கிளம்பும்போது இன்ஜினில் ஏதோ தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது, புது ஆளுக்குப் பிடிபடவில்லை, என்னவாக இருக்கும் என்று கேட்டார். தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எங்கே பார்க்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொன்னான். அண்ணன் உட்காரவில்லை. கடைசிவரை நின்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனார்.